பூட்டிய வீட்டுக்கு வரி

எங்கள் கல்லூரி உயர்தர மாணவர் மன்றத்தினர் சென்ற தவணை முடிவில் ஒரு விவாத அரங்கு நடத்தினர். தலைமை வகிக்கும் பொறுப்பு வழமைபோல என்னிடமே வந்து சேர்ந்தது. கும்பகர்ணனும் வீடணனும், கர்ணனும் துரியோதனனும் மாறிமாறி வழக்காடும் எங்கள் மேடையில் அன்று எடுத்துக்கொண்ட பொருள் முற்றிலும் புதியது. “மாநகரங்களில் இரண்டாம் வீடு வைத்திருக்கும் செல்வர்மீது தனிவரி விதித்தல் தகும்” என்பதே அது. பொருளைத் தெரிவு செய்தோர் மாணவர்களே. நியூயோர்க்கிலும் வன்கூவரிலும் நடக்கும் வழக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஆசிரியர் அறையில் ஒருவர் நகைத்தார். நானும் உள்ளூர அவ்வாறே எண்ணினேன். எனினும், தலைவனாக அமர்பவன் பொருளறியாது மணியடித்துக்கொண்டிருத்தல் அழகன்று. ஆகவே ஒரு வாரம் இவ்விடயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை ஈண்டு வாசகர்முன் வைக்கிறேன். என் சொந்தக் கதையும் சிறிது இடையில் வந்து சேரும், பொறுத்தருள்க.

இவ்வழக்கின் தலைநகரம் நியூயோர்க் எனலாம். 2019 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அந்நகரின் மத்திய பூங்காவை நோக்கி எழுந்த புதிய மாடமொன்றில், நான்கு தளங்களில் ஏறக்குறைய 24,000 சதுர அடி கொண்ட ஒரு வீடு 23 கோடியே 80 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதுகாறும் அமெரிக்க நாட்டில் எந்த வீடும் அவ்விலைக்கு விற்றதில்லை. வாங்கியவர் கென் கிரிஃபின் என்னும் நிதி முதலாளி. அவருடைய தொழில் அப்போது சிக்காகோ நகரில் இருந்தது. நியூயோர்க்கில் அலுவல் இருக்கும்போது தங்குவதற்கே இந்த வீடு என்று சொல்லப்பட்டது. செய்தி வெளிவந்ததும் நகரெங்கும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வாடகை கொடுக்க இயலாது ஆயிரமாயிரம் குடும்பங்கள் அரசாங்கத் தங்குமிடங்களில் இரவைக் கழிக்கும் அதே நகரில், இத்துணைப் பெரிய வீடு ஆண்டின் பெரும்பகுதி விளக்கின்றிக் கிடப்பதா என்றனர் மக்கள்.

முணுமுணுப்புக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. நியூயோர்க்கின் ஆதனவரி முறை விசித்திரமானது. மாடிக் கட்டடத்தில் ஒருவர் தனித்தனியே விலைக்கு வாங்கும் வீட்டை, அது விற்ற விலையைக்கொண்டு நகரம் மதிப்பிடுவதில்லை. அதனை ஒத்த வாடகைக் கட்டடம் ஒன்று எவ்வளவு வருமானம் தருமோ அதனைக்கொண்டே மதிப்பிடவேண்டும் என்பது 1981 முதல் உள்ள சட்டம். நூறு ஏழைக் குடும்பங்கள் வாழும் பழைய வாடகைக் கட்டடத்தையும், பூங்காவைப் பார்த்து நிற்கும் பளிங்கு மாளிகையையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் இம்முறையினால், வாங்கிய விலையின் மிகச் சிறிய பங்கே வரிப் புத்தகத்தில் மதிப்பாக ஏறுகிறது. நகரின் புறப்பகுதியில் சிறு வீடொன்றை வைத்துக் காலந்தள்ளும் பேருந்துச் சாரதி, விலையோடு ஒப்பிட்டால், கோடீசுவரரைவிடக் கூடிய வீதத்தில் வரி செலுத்த நேர்வதும் உண்டு. நம் நாட்டுச் சோலைவரியும் ஆண்டுப் பெறுமதி என்னும் வாடகைக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டதாகலின், இதன் சூட்சுமம் எம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

இதனிலும் சுவையான செய்தி ஒன்று உண்டு. நியூயோர்க்கில் நிரந்தர வீடு வைத்திருக்கும் வெளியூரவர் ஓராண்டில் 183 நாட்களுக்கு மேல் அந்நகரில் தங்கினால், அவரும் நகரவாசியாகக் கொள்ளப்பட்டு, நகர வருமானவரிக்கும் உரியவராவார். தங்காவிடின் அவ்வரி இல்லை. ஆகவே இரண்டாம் வீட்டுச் செல்வர் பலர் நாட்காட்டியைக் கையில் வைத்து நாட்களை எண்ணுகின்றனர்; எண்ணிக்கை நெருங்கியதும் விமானம் ஏறிவிடுகின்றனர். வீட்டைப் பூட்டி வைப்பதற்குச் சட்டமே கூலி கொடுப்பதுபோல் இருக்கிறதல்லவா? இதனைப் படித்தபோது நான் சிரித்தேன். அச்சிரிப்பு வெகுநாள் நிலைக்கவில்லை.

இவ்வநீதியைத் திருத்துவதற்கென நியூயோர்க் மாநில மன்றத்தில் பிராட் ஹோய்ல்மன் என்னும் செனற்றர் 2014 அளவிலேயே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். ஐம்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட மதிப்புடையதும், உரிமையாளர் தம் முதன்மை வாசத்தலமாகக் கொள்ளாததுமான வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு தனிவரி. மதிப்பு ஏற ஏற, நூற்றுக்கு அரைப் பங்கில் தொடங்கி நூற்றுக்கு நான்கு வரை அது உயரும். ஐந்தாண்டு உறங்கிக் கிடந்த அந்த மசோதா, மேற்சொன்ன விற்பனையால் 2019 இல் துயிலெழுந்தது. மாநில ஆளுநரும் மன்றத் தலைவர்களும் அதனை ஆதரிப்பதாகக் கூறினர். நகரின் பழுதுபட்ட சுரங்க இரயிலைச் செப்பனிடப் பணமும் தேவைப்பட்டது. நிறைவேறிவிடும் என்றே யாவரும் நம்பினர்.

நிறைவேறவில்லை. கட்டட முதலாளிமார் திரண்டெழுந்தனர். அவர்கள் கூறிய நியாயங்களை எங்கள் மாணவருள் மறுப்பணியினர் அன்று நன்றாகவே எடுத்துரைத்தனர். இரண்டாம் வீட்டுக்காரர் நகரின் பாடசாலையில் தம் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, மருத்துவமனையை நாடுவதில்லை, குப்பைகூட அதிகம் போடுவதில்லை. ஆனால் ஆதனவரியை ஆண்டு முழுவதுக்கும் செலுத்துகின்றனர். வாயிற்காவலர், துப்புரவாளர், சமையற்காரர் எனப் பலர்க்கு அவர்களால் பிழைப்பு. வரி மிகுந்தால் அவர்கள் வேறு நகரம் போவர். வீட்டு விலை சரியும். விலை சரிந்தால் நகரத்தின் ஏனைய வரிகளும் சுருங்கும். இவற்றுள் முதல் நியாயம் வலிமையானது என்பதை மறுக்க இயலாது. கடைசி நியாயம் எந்த வரிக்கும் எந்தக் காலத்தும் கூறப்படுவது.

அவர்களுடைய கையில் இருந்த உண்மையான ஆயுதம் வேறு. வீட்டின் விலைமதிப்புக்கு வரி என்கிறீர்கள். அந்த மதிப்பு யாருக்குத் தெரியும்? நகரத்தின் புத்தகத்திலோ வாடகைக் கணக்கே இருக்கிறது. முறைகேடான பழைய மதிப்பீடே புதிய வரிக்குக் கவசமாயிற்று. ஈற்றில் ஆண்டு வரி கைவிடப்பட்டு, பெருவிலை வீடுகளை வாங்கும்போது ஒருமுறை மட்டும் செலுத்தும் தீர்வை உயர்த்தப்பட்டது. இரண்டரைக் கோடி டொலரும் அதற்கு மேலும் விலைபோகும் வீட்டுக்கு நூற்றுக்கு 3.9 என்னும் அளவுக்கு 2019 ஜூலை முதல் அது ஏறிற்று. ஆண்டு வரி வேறு, நுழைவுக் கட்டணம் வேறு என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். வாயிலில் ஒருமுறை கொடுத்துவிட்டால் பின்னர் இருபது ஆண்டு வீட்டைப் பூட்டி வைத்தாலும் கேட்பாரில்லை. முன்னரே வாங்கி உள்ளே இருந்தவர்க்கோ அதுவும் இல்லை. அதன் பின்னும் அம்மசோதா பல தடவை மன்றத்தில் எழுந்தது, விவாதம் ஓயவேயில்லை.

நியூயோர்க் பேசிக்கொண்டிருந்தபோது வன்கூவர் செய்து காட்டிற்று. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள அந்நகரில் 2016 ஆம் ஆண்டளவில் வாடகைக்கு விடப்படும் வீடுகளுள் வெறுமையாய் இருந்தவை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. வாடகைக்கு ஒரு வீடு என்று விளம்பரம் வந்தால் வாயிலில் வரிசை நிற்கும். அதேவேளையில் ஆயிரக்கணக்கான மாடி வீடுகளில் இரவில் வெளிச்சமே தெரிவதில்லை. எத்தனை வீடுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்பதைக் கண்டறிய நகரசபை ஓர் அருமையான வழியைக் கையாண்டது. வீடு வீடாகக் கதவு தட்டாமல், மின்மானியையே சாட்சிக்கு அழைத்தது. ஆண்டு முழுவதும் மின்சாரச் செலவு ஏறி இறங்காது படுத்துக் கிடக்கும் வீடுகளைக் கணக்கிட்டபோது, ஏறக்குறைய 10,800 வீடுகள் ஆளரவமின்றி இருப்பது தெரியவந்தது. அவற்றுட் பெரும்பாலானவை மாடி வீடுகள்.

கிரெகர் ராபர்ட்சன் நகரபிதாவாக இருந்த காலத்தில் 2017 ஜனவரி முதல் வெற்று வீட்டு வரி நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் தாமே வாழாததும், ஆண்டில் ஆறு மாதமேனும் வாடகைக்கு விடப்படாததுமான வீட்டுக்கு, மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வரி. பின்னர் அது 1.25 ஆகி, 2021 இல் மூன்றாக உயர்ந்தது. ஐந்தாக்கவும் முடிவெடுத்தனர், ஆனால் சபை மாறியதும் மூன்றிலேயே நிறுத்திக்கொண்டனர். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தம் வீட்டின் நிலையைத் தாமே அறிக்கையிடவேண்டும். அறிக்கையிடாத வீடு வெற்று வீடெனவே கொள்ளப்படும். பொய் கூறியவர்க்கு 10,000 டொலர் வரை தண்டம். உரிமையாளர் இறந்துபோனாலோ, நோயுற்று மருத்துவமனையில் கிடந்தாலோ, வீடு அனுமதியுடன் திருத்தப்பட்டாலோ விலக்கு உண்டு. இவ்விலக்குகளை நான் விரும்பிப் படித்தேன். வரி விதிப்பவர் துக்க வீட்டையும் பூட்டிய வீட்டையும் வேறுபிரித்து அறியக் கற்றிருக்கின்றனர்.

விளைவு யாது? முதலாம் ஆண்டு வரிக்குரியனவாய் இருந்த வெற்று வீடுகள் ஏறக்குறைய 2,500. 2021 அளவில் அவை 1,500 இலும் குறைந்துவிட்டன. மாகாண அரசும் 2018 இல் இத்தகைய வரியொன்றைத் தனியே விதித்தது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் வன்கூவர் வட்டாரத்தில் ஏறத்தாழ 11,000 மாடி வீடுகள் புதிதாக வாடகைக்கு வந்தன என்று கனேடிய வீடமைப்பு நிறுவனம் கணக்கிட்டது. வரிப்பணம் பல கோடி டொலர் எளியோர் வீடமைப்புக்குச் சென்றது. வாடகை குறைந்ததா என்று கேட்பீர்கள். குறையவில்லை. வன்கூவர் இன்றும் கனடாவில் வாடகை மிகுந்த நகரங்களுள் ஒன்று. இதனை மறுப்பணியின் தலைவன் மேசையில் தட்டிச் சொன்னான். மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை என்பதற்காக மழையே வேண்டாமென்று கூறலாமோ என்று மற்ற அணியிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டான். அவனுக்கு இரண்டு புள்ளி கூட்டியிட்டேன்.

சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் 2022 இல் வாக்களித்து நிறைவேற்றிய இத்தகைய வரியை, 2024 இல் அங்குள்ள நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. தன் வீட்டைப் பிறருக்குத் திறவாதிருப்பதும் உடைமையாளன் உரிமையே என்பது அவ்வழக்கில் எழுந்த கேள்வி. பாரிஸ் நகரில் முதன்மை வீட்டுக்குரிய குடியிருப்பு வரியை 2023 இல் முற்றாக ஒழித்துவிட்டனர். இரண்டாம் வீட்டுக்கு மட்டும் அதனை வைத்துக்கொண்டதோடு, மேலதிகமாக நூற்றுக்கு அறுபதும் கூட்டி அறவிடுகின்றனர். இங்கிலாந்தின் கதை வேடிக்கையானது. ஒருகாலத்தில் அங்கே இரண்டாம் வீட்டுக்கு உள்ளூர் வரியில் பாதி தள்ளுபடி! வைத்திருப்பவர் இல்லாத வீட்டுக்குச் சேவை குறைவு என்பது அன்றைய நியாயம். 2025 ஏப்பிரல் முதல் அதே வீட்டுக்கு உள்ளூராட்சிச் சபைகள் இரட்டிப்பு வரி விதிக்கலாம் என்று சட்டம் மாறிவிட்டது.

எனக்கு இவை எல்லாவற்றினும் நெஞ்சைத் தொட்டது வேல்ஸ் நாட்டுச் செய்தி. அது மாநகரக் கதையன்று. கடற்கரை ஊர்களின் கதை. கோடை விடுமுறைக்கென வெளியூர்ச் செல்வர் வீடுகளை வாங்கிக் குவித்தமையால், வேல்ஸ் மொழி பேசும் ஊர்களில் உள்ளூர் இளைஞருக்கு வீடு வாங்க வழியில்லாது போயிற்று. இளைஞர் பெயர்ந்தனர், ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் குறைந்தனர், கடைத்தெருவில் அவ்வூர் மொழியின் ஓசை குன்றிற்று. குளிர்காலத்தில் தெருக்கள் இருண்டு கிடக்கும். அங்கே 2023 ஏப்பிரல் முதல் சபைகள் வழமையான வரிக்கு மேல் நூற்றுக்கு முந்நூறு வரை கூட்டி விதிக்கலாம். குவினெத் என்னும் பகுதிச் சபை நூற்றைம்பது விதித்தது. செல்வரும் சும்மா இருக்கவில்லை. வீட்டை விருந்தினர் விடுதி என்று பதிந்து, வணிக வரிக்கு மாறித் தப்பப் பார்த்தனர். அதனால், ஆண்டில் 182 நாட்களேனும் உண்மையாகவே வாடகைக்கு விட்டிருந்தாலன்றி அது வணிகமாகாது என்று விதியை இறுக்கினர். முன்பு எழுபது நாள் போதுமாயிருந்தது.

நம் நாட்டிலும் இரண்டாம் வீட்டின்மீது அரசு கைவைத்த காலம் ஒன்று உண்டு. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு ஓர் எண்ணிக்கை வகுக்கப்பட்டு, மிகுதி வீடுகள் அரசின் கைக்குச் சென்றன. கொழும்பில் வாடகை வீட்டில் இருந்த பலர் அவ்வகையில் வீட்டுக்குச் சொந்தக்காரரானது உண்மை. அதற்கு முந்திய ஆண்டு வந்த வாடகைச் சட்டமும் குடியிருப்போர்க்குப் பெருங்காப்பளித்தது. இவ்விரண்டினதும் பின் வாடகைக்கென்று வீடு கட்டும் ஊக்கமே அற்றுப்போயிற்று என்பாரும் உளர். பறிப்பதற்கும் வரி விதிப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. எனினும், அக்காலத்து அச்சம் எங்கள் வீட்டுக்காரர் மனத்தில் இன்றும் உறைந்திருக்கிறது. அதற்குச் சான்று என் சட்டைப் பையில் இருந்தது.

விவாதத்தின் இறுதியில், ஆதரிக்கும் அணியின் கடைசிப் பேச்சாளன் எழுந்தான். அமைதியான பையன், தந்தையார் தச்சுத் தொழிலாளி, வாடகை வீட்டிலிருந்து வருபவன். நியூயோர்க்கையும் வன்கூவரையும் அவன் தொடவேயில்லை. “நான் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணினேன், பதினொன்று” என்றான். ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னான். மதிலில் ஆலங்கன்று முளைத்த வீடு. கிணற்றுக் கட்டு இடிந்த வீடு. மாமரம் தெருவுக்குச் சாய்ந்த வீடு. ஏழாவதாக, “நீல நிற இரும்புப் படலை போட்ட மேல்மாடி வீடு. அங்கே வெள்ளிக்கிழமைகளில் மட்டும் யன்னல் திறந்திருக்கும்” என்றான்.

அந்த யன்னலைத் திறப்பவன் நானே. அது என் தமையனாருடைய வீடு. அவர் 1987 இல் நாட்டை விட்டுப் போனவர், ரொறன்ரோவில் இருக்கிறார். போர் முடிந்த பின் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். ஐந்து அறைகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று வாரம் வந்து நிற்பார். ஏனைய நாட்களில் நான் சென்று திறந்து, தூசி தட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்து, பூட்டிவிட்டு வருவேன். சோலைவரியும் நானே கட்டுகிறேன்; அஃது ஒரு பெரிய தொகையன்று. பையனுக்கு இது தெரியாது. ஒருவேளை தெரிந்தும் இருக்கலாம். அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மறுப்பணித் தலைவன் உடனே எழுந்து, “தலைவர் அவர்களே, இவ்வீடுகள் செல்வத்தால் பூட்டப்பட்டவையல்ல, போரால் பூட்டப்பட்டவை” என்றான். 1981 இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த யாழ் மாவட்ட மக்கள் தொகை 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரமாய்க் குறைந்ததை எடுத்துக்காட்டினான். துன்பத்தால் ஓடியவனையும் சுகத்துக்காக வாங்கியவனையும் ஒன்றாக்கலாமா என்று கேட்டான். நல்ல கேள்வி. பழைய வீட்டைப் பொறுத்தவரை அவன் பக்கமே நியாயம் என்பேன். ஆனால் என் தமையனார் கட்டிய புதிய வீட்டை எந்தப் பக்கத்தில் வைப்பது? ஊரோடு உள்ள உறவு அறுந்துபோகாதிருக்கக் கட்டினார் என்பதும் மெய். இன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு பரப்புக் காணியை உள்ளூர் ஆசிரியன் ஒருவன் தன் சம்பளத்தைக்கொண்டு வாங்க முடியாது என்பதும் மெய். அவ்விலையை ஏற்றிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

நடுவர் தீர்ப்பு மறுப்பணிக்கே போயிற்று. இரண்டு புள்ளி வித்தியாசம். பேச்சுத் திறனுக்கே புள்ளி வழங்குவது எங்கள் முறை.

அன்றிரவு தமையனாருடன் தொலைபேசியில் பேசினேன். காரணம் விவாதம் மட்டுமன்று. வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் ஆசிரியர் ஒருவர், மனைவியோடும் இரு குழந்தைகளோடும் ஓர் அறையில் இருந்து அல்லற்பட்டுக்கொண்டிருந்தார். தமையனார் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குத் தரும்படி என்னைக் கேட்டு மூன்று மாதமாயிற்று. முன்னர் ஒருமுறை நான் அதைப் பிரஸ்தாபித்தபோது தமையனார் கூறிய விடை ஒன்றே: “குடியிருத்தினால் பிறகு எழுப்பேலாது, தம்பி.”

இம்முறை சுற்றி வளைத்து ரொறன்ரோ நிலையை விசாரித்தேன். அங்கும் 2022 முதல் வெற்று வீட்டு வரி உண்டு; நூற்றுக்கு ஒன்றாக இருந்தது 2024 முதல் மூன்றாயிற்று. தாமும் ஆண்டுதோறும் தம் வீட்டில் தாமே வாழ்வதாக நகரசபைக்கு அறிக்கையிடுவதாகத் தமையனார் சொன்னார். ஆட்கள் வீடில்லாமல் திண்டாடும்போது சும்மா பூட்டி வைத்திருப்பவனுக்கு வரி போடத்தானே வேண்டும் என்றும் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழிந்து, “என்ன தம்பி, சத்தத்தைக் காணவில்லை?” என்றார். மாணவன் எண்ணிய பதினொரு வீடுகளையும் வரிசைப்படி சொன்னேன். ஏழாவதைச் சொன்னதும் மறுமுனையிலும் சத்தம் இல்லாது போயிற்று. பின்னர், “ஆவணியில் வருவேன்தானே, நேரில் பார்த்துப் பேசுவோம்” என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆவணிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த இளம் ஆசிரியர் சென்ற கிழமை தம் சொந்த மாவட்டத்துக்கு மாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். எங்கள் உயர்தர வகுப்பினர் பௌதிகத்துக்கு இப்போது ஆசிரியர் இன்றி இருக்கின்றனர். நான் வழமைபோல வெள்ளிக்கிழமை போய் யன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.